திறந்தே நின்ற மடை

பழனி மலையின் அடிவாரத்தில், வரதமாநதியின் நீரையும் குளத்துப் பாசனத்தையும் நம்பி வாழும் எங்கள் ஆயக்குடிப் பகுதி மக்களுக்கு, மடை என்பது யாது என எவரும் விளக்க வேண்டுவதில்லை. மழை பெய்து குளம் நிரம்புவது ஒரு பேறு. அந்நீர் வேண்டும்போது திறந்தும் வேண்டாதபோது அடைத்தும் வயலுக்குச் செல்வது மற்றொரு பேறு. மடையின் பலகை ஓர் இரவு பழுதுபட்டுத் திறந்தபடியே நின்றுவிட்டால், விடிவதற்குள் பயிர் மூழ்கிவிடும். நீர் நஞ்சன்று, குளமும் கெட்டதன்று. அடைக்க வேண்டிய நேரத்தில் மடை அடைபடவில்லை என்பது ஒன்றே குற்றம். மனித உடலில் இத்தகைய மடையொன்று அடைபடாமல் நின்றதனால் விளையும் ஒரு நோயைப் பற்றியும், அதனை அடைக்கும் வழியை அறிஞர்கள் கண்ட வரலாற்றைப் பற்றியும், அம்மருந்து ஏழையின் கைக்கு எட்டுமா என்னும் வழக்கு நம் சென்னை நகரில் நடந்த வகையைப் பற்றியும் ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆகியது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிரணுக்கள் தனித்தனியே வாழ்வனவல்ல. ஒன்றோடொன்று ஓயாது பேசிக்கொண்டிருப்பவை. ‘வளர்க’, ‘பிரிந்து இரண்டாகுக’, ‘நில்’, ‘உன் காலம் முடிந்தது, மடிக’ என்னும் செய்திகள் அவற்றிடையே இரவும் பகலும் சென்றவண்ணம் இருக்கின்றன. இச்செய்திகளைக் கொண்டு செல்லும் தூதர்களுள் பல புரதங்கள். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அத்தகைய தூதருள் ஒன்று. உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, ‘சர்க்கரையை உள்ளே ஏற்றுக்கொள்க’ என்று தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அது செய்தி கொண்டு செல்கிறது. உயிரணுவுக்கு வெளியே உலவும் தூதர் சிலர். அதன் வாயிலில் நின்று செய்தியை வாங்குவோர் சிலர். வாங்கிய செய்தியை உள்ளே கொண்டு சேர்ப்போர் சிலர். இவருள் பலர் புரதங்களே.

இப்புரதங்களை எவ்வாறு கட்ட வேண்டும் என்னும் குறிப்பே மரபணு. சமையற்குறிப்பில் உப்பின் அளவு பிழைபட எழுதப்பட்டால் எத்தனை முறை சமைத்தாலும் உணவு பிழைபடுவது போல, மரபணுவில் பிழை நேர்ந்தால் அதன்வழி உண்டாகும் புரதமும் பிழைபடும். மரபணுக்கள் குரோமோசோம் என்னும் இழைகளின்மீது வரிசையாக அமைந்துள்ளன. மனிதனின் உயிரணுக்களில் பொதுவாக 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. அறிஞர் இவற்றுக்கு எண்ணிட்டுப் பெயர் வழங்குகின்றனர். இந்த அளவு தெரிந்துகொண்டால் பின்வருவது எளிதில் விளங்கும்.

இனி நோய்க்கு வருவோம். இரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்று மெல்ல மெல்ல வளர்வது. நோயாளிக்குத் தொடக்கத்தில் பெரிய துன்பம் ஏதும் தோன்றாது. சற்றே களைப்பு, காரணமின்றி உடல் மெலிதல், இரவில் வியர்த்தல், இடப்பக்க விலாவின் கீழே மண்ணீரல் வீங்குவதால் ஒரு பாரம், சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்த உணர்வு — இவையே அறிகுறிகள். வேறு எதற்கோ இரத்தம் சோதிக்கும்போதுதான் பலருக்கு இந்நோய் வெளிப்படுகிறது. இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. இந்நோயில் அவை இலட்சத்தையும் கடந்து செல்வது உண்டு. மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வரும் இந்நோய், நம் நாட்டில் முப்பது நாற்பது வயதினரையே மிகுதியாகப் பற்றுகிறது. குடும்பம் ஒருவரது உழைப்பை நம்பியிருக்கும் பருவம் அது.

முற்காலத்தில் இந்நோய் கண்டவர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஓரளவு நலமாக இருப்பர். அதன்பின் நோய் திடீரெனக் கொடிய வடிவம் கொள்ளும். சில திங்களில் வாழ்வு முடியும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்துகள் இருந்தன. ஆயினும் அவை முடிவைத் தள்ளிப்போட்டனவேயன்றி மாற்றவில்லை. பிறரது எலும்பு மஜ்ஜையைப் பெற்று உடலில் செலுத்தும் சிகிச்சை ஒன்றே நோயை அடியோடு நீக்க வல்லதாக இருந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. எனினும் பொருந்தும் மஜ்ஜை தரவல்ல உடன்பிறந்தார் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. செலவையும் ஆபத்தையும் தாங்குவோரும் சிலரே.

இந்நோயின் வேர் எங்கே உள்ளது என்பதற்கான முதற்குறி 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கிடைத்தது. பீட்டர் நோவெல் என்னும் அறிஞர் இரத்த அணுக்களைச் சாயமிடும்போது குழாய்த் தண்ணீரால் அலசினார். அத்தண்ணீரால் அணுக்கள் உப்பிக் குரோமோசோம்கள் விரிந்து தெளிவாகத் தெரிந்தன. டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இளம் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அவர் நோக்கியபோது, இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தினும் சிறியதாக இருப்பது தெரிந்தது. ஊரின் பெயரால் அதற்குப் பிலடெல்பியாக் குரோமோசோம் என்று பெயரிட்டனர். அதன் இழந்த பகுதி எங்கே போயிற்று என்பது பதின்மூன்று ஆண்டுகள் வரை விளங்கவில்லை. சிகாகோ நகரின் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், குரோமோசோம்களின் நிழற்படங்களை வெட்டித் தம் வீட்டு உணவு மேசையில் பரப்பி ஒப்பிட்டு, விடையைக் கண்டு 1973இல் வெளியிட்டார். எதுவும் தொலைந்து போகவில்லை. 9ஆம் குரோமோசோமின் நுனியும் 22ஆம் குரோமோசோமின் நுனியும் முறிந்து ஒன்றற்கொன்று இடம் மாறியிருந்தன.

இவ்விட மாற்றத்தால் நேர்வது யாது? 9ஆம் குரோமோசோமில் ஏபல் என்னும் மரபணு உள்ளது. அது உருவாக்கும் புரதம், நாம் முன்னே கூறிய தூதர் வகையைச் சேர்ந்தது. கைனேஸ் என்னும் நொதி. உயிரணுவின் ஆற்றற்பொருளாகிய ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டுத் துணுக்கை எடுத்து, வேறு புரதங்களின்மீது ஒட்டுவது அதன் தொழில். துணுக்கு ஒட்டப்பெற்ற புரதம் விழித்தெழுந்து செய்தியை அடுத்த புரதத்துக்குச் சொல்லும். இவ்வாறு கைமாறிச் செல்லும் செய்தியின் முடிவு, ‘பிரிந்து பெருகுக’ என்பதாகலாம். எனவே இந்த நொதி எப்போதும் வேலை செய்தல் ஆகாது. அதற்காகவே அப்புரதத்தின் ஒரு முனை மடங்கி வந்து தன்னைத்தானே பூட்டி வைத்திருக்கிறது. மடைக்குப் பலகை எவ்வாறோ, இப்புரதத்துக்கு அம்முனை அவ்வாறு.

குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறும்போது, ஏபல் மரபணுவில் இப்பலகைக்குரிய தலைப்பகுதி அறுபட்டுப் போகிறது. எஞ்சிய பகுதி, 22ஆம் குரோமோசோமிலுள்ள வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு சமையற்குறிப்புகளின் பாதிகளை ஒட்டியதுபோல ஒரு புதிய மரபணு உண்டாகிறது. அதன்வழி பிறக்கும் புரதத்துக்குத் திறக்கத் தெரியும், அடைக்கத் தெரியாது. எவரும் அனுப்பாத செய்தியை அது ஓயாமல் முழங்கிக்கொண்டே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் மேன்மேலும் பிரிந்து பெருகுகின்றன. இந்த ஒரு பிழை தானே நோயை விளைக்க வல்லது என்பது 1990இல் எலிகளின்மீது செய்த ஆய்வால் உறுதியாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மரபணு என்னும் சொல்லைக் கேட்டவுடனே, ‘இது பரம்பரை நோய், அக்குடும்பத்தில் பெண் கொடுக்கலாகாது, பெண் எடுக்கலாகாது’ என்று கருதுவோர் நம்மிடையே உளர். அது முற்றும் தவறு. பிறக்கும்போது இப்பிழை உடலில் இல்லை. வாழ்நாளின் இடையே, மஜ்ஜையிலுள்ள ஒரே ஓர் உயிரணுவில் இது நேர்கிறது. அவ்வணுவின் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே செல்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதில்லை, தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதில்லை, தொட்டால் ஒட்டுவதுமில்லை. பல மரபணு நோய்கள் பரம்பரையாக வருவன என்பது உண்மை. ஆனால் எல்லா மரபணுப் பிழையும் அத்தகையது அன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால் ஒரு பெண்ணின் திருமணம் தடைப்படுமாயின், அத்தீங்கு நோயினால் வந்ததன்று, நம்மால் வந்தது.

குற்றம் எங்கே என்று தெரிந்தபின், அதனைத் திருத்தும் எண்ணம் பிறந்தது. அறுபட்ட மரபணுவை மீண்டும் ஒட்டவைப்பது எளிதன்று. ஆனால் இழந்த பலகைக்குப் பதிலாக வேறொரு பலகையை மடைவாயில் செருக இயலுமல்லவா? இந்த நொதியில் ஏ.டி.பி. வந்து அமர்வதற்கு ஒரு குழிவு உண்டு. அக்குழிவில் சரியாகப் பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றைச் செருகிவிட்டால், ஏ.டி.பி.க்கு இடமில்லை; செய்தியும் எழாது. புரதங்களின் வடிவத்தை நுணுகி அறிந்தாலன்றி இத்தகைய மருந்தின் செயலை விளங்கிக்கொள்ள இயலாது. அவ்வடிவ ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தம் உடன் ஆய்வாளர்களாகிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதைக் காட்டுகிறது. இன்றும் உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்ப்போர் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்று அதனைப் பெயர் சொல்லியே பயன்படுத்துகின்றனர்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா-கைகி என்னும் மருந்து நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன் முதலியோர் பல மூலக்கூறுகளை ஆக்கிச் சோதித்தனர். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து மருத்துவராகிய பிரையன் டிரக்கர், அவற்றுள் ஒன்று இந்நோயணுக்களை மட்டும் தேர்ந்து அடக்குவதைக் கண்டார். 1996இல் அச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் சீபா-கைகியும் சாண்டோசும் இணைந்து நோவார்ட்டிஸ் என்னும் நிறுவனமாக ஆக முடிவாயிற்று. நோயாளிகளின் தொகை குறைவு. வருவாய் கிட்டுமோ என்ற தயக்கம் அங்கே இருந்தது. டிரக்கர் விடாது வற்புறுத்தினார். 1998இல் மனிதரிடத்துச் சோதனை தொடங்கிற்று. பிற மருந்துகள் பயன்படாத நிலையில் இருந்தோர் 54 பேருக்குத் தக்க அளவில் இம்மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களுள் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பிற்று. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. இமாட்டினிப் என்பது அம்மருந்தின் பெயர். இம்மருந்தைத் தொடக்கத்திலேயே பெற்றோரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து நோக்கியபோது, பத்தாண்டின் முடிவில் நூற்றுக்கு 83 பேர் உயிருடன் இருந்தனர். முன்னே மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று கூறியதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

மருந்து பிறந்துவிட்டது. ஆனால் அது நம் நாட்டு உழவருக்கும் நெசவாளருக்கும் எட்டுமா? நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அக்காலத்தில் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்துக்கு அப்போது மாதம் 8,000 முதல் 10,000 ரூபாயே ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் அதனைச் செய்ய முடிந்தது எவ்வாறு? 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்து செய்யும் முறைக்குக் காப்புரிமை அளித்ததேயன்றி மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைப்படி 2005இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பொருளுக்கும் உரிமை வந்தது. ஆயினும் அதன் 3ஆம் பிரிவின் ‘டி’ உட்பிரிவில் ஒரு காவல் வைக்கப்பட்டது. முன்னே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனைக் கூட்டினாலன்றிப் புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அக்காவல்.

இமாட்டினிப் மெசிலேட்டு என்னும் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு உரிமை வேண்டி, நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் இந்திய மருந்து நிறுவனங்களும் அதனை எதிர்த்தன. 2006 சனவரியில் அவ்வலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. அச்சட்டப் பிரிவே அரசியலமைப்புக்கு மாறானது என்று அந்நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 2007 ஆகஸ்டு 6ஆம் நாள் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. காப்புரிமை மறுப்பைப் பற்றிய வழக்கு மேன்முறையீட்டு வாரியம் வழியாக உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் அப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் தீர்ப்பு வழங்கினர். மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோயைத் தீர்க்கும் திறனே. இப்படிக வடிவம் அத்திறனைக் கூட்டியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2015இல் உலக நல நிறுவனம் இம்மருந்தை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லுதல் முறைமை. புது மருந்து காண்பதற்குப் பெருஞ்செலவு ஆகிறது; உழைப்பவனுக்கு ஊதியம் இல்லையாயின் நாளை உழைப்பவர் யார் என்று நிறுவனம் வாதிட்டது. நம் நாட்டு நோயாளிகள் பல்லாயிரவருக்கு அது மருந்தை இலவசமாக வழங்கிவந்ததும் உண்மை. நீதிமன்றமும் புது மருந்துகளுக்குக் காப்புரிமையே கூடாது என்று சொல்லவில்லை. இந்த வடிவத்துக்கு இல்லை என்றே சொல்லிற்று. ஆயினும் கொடையாகக் கிடைக்கும் மருந்துக்கும், கூலி வாங்கிய கையால் கடையில் வாங்கத்தக்க மருந்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னது பிறர் மனத்தைப் பொறுத்தது. பின்னது நம் உரிமையைப் பொறுத்தது.

இனி, நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் கருத வேண்டியது ஒன்றுண்டு. இம்மருந்து பிழைபட்ட மரபணுவை மாற்றுவதில்லை; மடைவாயில் செருகிய பலகையாகவே நிற்கிறது. பலகையைப் பிடுங்கினால் வெள்ளம் மீண்டும் பாயும். மருந்து உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் களைப்பு நீங்கும்; மண்ணீரல் சுருங்கும்; நோயாளி வேலைக்குச் செல்வார். ‘நலம் வந்துவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?’ என்னும் எண்ணம் அப்போது தோன்றும். அறுவடைக் காலமென்றும், திருவிழாவென்றும், பாதயாத்திரையென்றும், கையில் பணமில்லையென்றும் சில நாள் விடுவர். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மருந்து விட்டுவிட்டு உண்ணப்படின் எஞ்சிய நோயணுக்கள் பெருகும். பெருகும் அணுக்களுள் சிலவற்றில் மேலும் ஒரு பிழை நேர்ந்து, மடைவாயின் வடிவமே மாறிவிடலாம். வடிவம் மாறினால் பழைய பலகை பொருந்தாது. அத்தகையோருக்கென டாசட்டினிப், நிலோட்டினிப் முதலிய வேறு மருந்துகள் வந்துள்ளன என்பது ஆறுதலே. எனினும் தேவையின்றி அந்நிலைக்குச் செல்வானேன்?

ஆகவே மருத்துவர் சொன்ன அளவில், நாள்தோறும், உணவோடு, ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் மாத்திரையை உட்கொள்ள வேண்டும். பிழை மரபணு இரத்தத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று காட்டும் சோதனையை மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் தவறாது செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நோயைக் காட்டும் கண்ணாடி அதுவே. பல்லாண்டுகள் மருந்துண்டு நோய் மிக அடங்கியவருள் சிலர், மருத்துவரின் நேர்ப்பார்வையில் மருந்தை நிறுத்தியும் நலமாக இருக்கின்றனர். ஆனால் அது சோதனை முடிவைக் கண்டு மருத்துவர் எடுக்கும் முடிவு. திண்ணையில் இருந்து நாம் எடுக்கும் முடிவு அன்று. கருவுறும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுதல் கட்டாயம். இம்மருந்து கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும்.

இம்மருந்து எல்லாப் புற்றுநோயையும் தீர்க்குமோ என்று கேட்பீர்கள். தீர்க்காது. ஒவ்வொரு நோயிலும் பழுதான மடை வேறு. மார்பகப் புற்றுநோயுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில், ஹெர்-2 என்னும் மரபணு அளவுக்கு மீறிப் பெருகி, செய்தி வாங்கும் புரதம் உயிரணுவின் வாயிலில் மிகுந்து நிற்கிறது. அதனை அடைக்க 1998இல் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசி மருந்து வந்தது. அப்பழுது இல்லாத நோயாளிக்கு அதனைக் கொடுப்பதால் பயனில்லை. எந்த மடை பழுது என்பதை முதலில் சோதித்து அறிந்து, அதன்பின் அதற்குரிய பலகையைத் தேடுவதே இக்கால மருத்துவத்தின் நெறி. ‘எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து’ என்று சொல்லிப் பொருள் பறிப்போரை இந்த ஒரு நெறியைக் கொண்டே இனங்கண்டு விலக்கலாம்.

குழாய்த் தண்ணீரில் அலசிய ஓர் அறிஞர், உணவு மேசையில் படம் பரப்பிய ஓர் அம்மையார், தயங்கிய நிறுவனத்தை விடாது வற்புறுத்திய ஒரு மருத்துவர், சென்னையிலும் தில்லியிலும் எதிர்வாதம் புரிந்தோர் — இத்தனை பேரின் முயற்சியும் சேர்ந்தே அம்மாத்திரை இன்று ஒரு நோயாளியின் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் பணி அவருடையதும் அவர் வீட்டாருடையதுமே. காரணமின்றி நீடிக்கும் களைப்பையும் விலாவின் பாரத்தையும் வெயிலின் மேலும் வேலையின் மேலும் பழிபோட்டு நாள் கடத்தாமல், ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. நோய் உண்டெனத் தெரிந்தால் அஞ்சாமல் சிகிச்சை பெறுக. நலம் வந்தபின்னும் மாத்திரையை மறவாதிருக்க.